பவர் பேங்க்கை ஏன் பெட்டியில் போடக்கூடாது?

பவர் பேங்க் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமான நிறுவனத்தாரே சொல்கிறார்கள். பிறகு ஏன் அதைக் கீழே சரக்கு அறையில் போட்டுப் பூட்டாமல், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கையில் எடுத்து வரச் சொல்கிறார்கள்? விமானத்தில் பவர் பேங்க் கொண்டுபோவது பற்றி ஊரில் யாரிடம் பேசினாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் விளங்கிவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வந்தவைதான்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று எங்கிருந்து கிளம்பினாலும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறுவது திருச்சியில். முதல்முறை போகிற பிள்ளைக்கு வீடே கூடிப் பெட்டி கட்டுகிறது. ஊறுகாய் பாட்டில் துணிக்கு நடுவில், மிளகாய்த்தூள் இரண்டு பைக்குள், பவர் பேங்க் உடையாமல் இருக்க லுங்கியில் சுற்றிப் பெட்டியின் அடியில். பத்திரமாக இருக்கட்டும் என்ற அக்கறையில்தான் வைக்கிறார்கள். ஆனால் அது இருக்கக்கூடாத ஒரே இடம் அதுதான்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பவர் பேங்க் என்பது ஒன்றோ பலவோ லித்தியம் அயான் செல்களும், அவற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு சர்க்யூட்டும் சேர்ந்தது. இந்த வகை பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிறிய எடையில் நிறைய மின்சாரத்தைச் சேமிப்பதுதான் இதன் பெருமை. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது: அவ்வளவு ஆற்றல் ஒரு கைப்பிடி அளவுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

ஒரு செல்லுக்குள் இரண்டு மின்முனைகள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் முடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள் பிரிக்கிறது. சுற்றிலும் இருக்கிற திரவம் எளிதில் தீப்பிடிக்கக்கூடிய கரிமக் கரைப்பான். அந்தத் தாள் கிழிந்தாலோ, உருகினாலோ, கீழே விழுந்து நசுங்கி ஓரிடத்தில் விலகினாலோ இரண்டு முனைகளும் உள்ளுக்குள்ளேயே தொட்டுக்கொள்கின்றன. அந்த இடம் சூடாகிறது. அந்தச் சூட்டில் பக்கத்தில் உள்ள ரசாயனங்கள் சிதைகின்றன. சிதையும்போது இன்னும் சூடு பிறக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்காமல் நிறுத்திவிட்டால், அம்பாரமாகக் கிடக்கிற ஈர நெல் என்ன ஆகும்? மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். கையை உள்ளே விட்டால் சுடும். நெல் மூச்சு விடுகிறது, சூடு பிறக்கிறது, அந்தச் சூடு வெளியே போக வழியில்லை, சூடு ஏற ஏற மூச்சும் வேகமாகிறது. அதனால்தான் கிளறிவிட்டுக் காயவைக்கிறோம். வெளியே போகிற சூட்டை விட உள்ளே பிறக்கிற சூடு அதிகமானால் நிலைமை கைமீறிப் போகிறது என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். நெல்லுக்கு நாள் கணக்கில் அவகாசம் இருக்கிறது. பேட்டரிக்கு அது நிமிடக் கணக்கில், சில நேரம் நொடிக் கணக்கில்.

ஒரு செல் அப்படிப் போய்விட்டால் அடுத்த செல்லையும் சூடேற்றி இழுத்துக்கொண்டு போகும். புகை, பிறகு பீய்ச்சியடிக்கும் தீ. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வகை லித்தியம் பேட்டரிகளில் நேர்மின்முனையில் உள்ள உலோக ஆக்சைடு கடும் சூட்டில் சிதைந்து, தானே ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது. காற்றை அடைத்துத் தீயை மூச்சுத் திணறவைக்கும் வழக்கமான உத்தி இங்கே முழுதாகப் பலிக்காது. மேலே எரிகிற தீ அணைந்தாலும் உள்ளே சூடு தொடரும், மீண்டும் பற்றும். இதற்கு மருந்து குளிரவைப்பது. நிறையத் தண்ணீர், தொடர்ந்து.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் தீயணைப்பு ஏற்பாடு இருக்கிறது. ஹேலான் என்ற வாயு நிரம்பித் தீயை அடக்கும். துணியோ காகிதமோ எரிந்தால் அது போதும். ஆனால் ஹேலான் குளிரவைக்காது. பேட்டரிக்குள் ஓடுகிற சூட்டுத் தொடரை அதனால் நிறுத்த முடியாது. பறக்கும்போது சரக்கு அறைக்குள் இறங்கிப்போய்ப் பெட்டியைத் திறந்து தண்ணீர் ஊற்ற யாராலும் முடியாது. லுங்கிக்கு நடுவில், வாசனைத் திரவியப் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பவர் பேங்க் புகைய ஆரம்பித்தால், விமானிக்கு அது தெரியவருவதற்குள் பெட்டியைத் தாண்டிப் பரவியிருக்கலாம். இது கற்பனைப் பயம் கிடையாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய, யுபிஎஸ் என்ற அமெரிக்கப் பார்சல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்றில், லித்தியம் பேட்டரிகள் ஏராளமாக இருந்த சரக்குப் பகுதியில் தீப்பிடித்தது. விமானிகள் திரும்பிவர முயன்றும் முடியவில்லை. இருவரும் இறந்துபோனார்கள். அதன் பிறகு விதிகள் படிப்படியாக இறுகின. லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதையே 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ தடை செய்தது.

மேலே, பயணிகள் அறையில் நிலைமை வேறு. புகை வந்தால் பக்கத்தில் இருப்பவர் மூக்குக்கு உடனே தெரியும். பணிப்பெண்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். தீயணைப்பான், தண்ணீர், கையுறை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் உயிர்.

2025-இல் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் ஹாங்காங்குக்குக் கிளம்பத் தயாராக நின்றிருந்த ஏர் பூசான் விமானத்தில், பின்பக்கம் தலைக்கு மேலிருந்த லக்கேஜ் தட்டுக்குள் தீப்பிடித்தது. மூடிய தட்டுக்குள் என்ன எரிகிறது என்று தெரிவதற்குள் தீ பெரிதாகிவிட்டது. விமானத்தின் கூரையே எரிந்துபோனது. தரையில் நின்றிருந்ததால் 176 பேரும் அவசர வழியாக இறங்கி உயிர் தப்பினார்கள். ஒரு பவர் பேங்க்கின் உள்காப்பு பழுதாகித் தீப்பற்றியிருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் பின்னர் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று டெல்லியில் திமாப்பூருக்குப் புறப்பட ஓடுபாதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இண்டிகோ விமானத்தில் ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. அது இருந்தது முன் இருக்கையின் முதுகுப் பையில். பணியாளர்கள் உடனே அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. இரண்டிலும் எரிந்தது ஒரே மாதிரிப் பொருள்தான். இருந்த இடம் வேறு.

இதனால்தான் கைப்பையில் இருந்தாலும் மேல்தட்டில் வைக்காதீர்கள் என்ற புது விதி வந்தது. தென்கொரியா 2025 மார்ச் 1 முதல் இதைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், திருச்சியிலிருந்து நம்மவர்கள் அதிகம் போகிற ஸ்கூட்டும், 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கிலிருந்து செல்போனுக்குச் சார்ஜ் போடவும், இருக்கையில் உள்ள யுஎஸ்பி துளையில் பவர் பேங்க்குக்குச் சார்ஜ் ஏற்றவும் தடை போட்டன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் என்றது. அதையும் முன் இருக்கைப் பையிலோ இருக்கைக்கு அடியில் உள்ள பையிலோதான் வைக்க வேண்டும், பயன்படுத்தக்கூடாது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவும் 2025 நவம்பரில் சுற்றறிக்கை விட்டது: மேல்தட்டில் வைக்கக்கூடாது, விமானத்துக்குள் சார்ஜ் போடப் பயன்படுத்தக்கூடாது. சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் செல் சூடாகிறது. பலவீனமான செல் பழுதாவதற்கு வாய்ப்பு அதிகமான நேரம் அது. சும்மா இருக்கவிட்டால் ஆபத்து குறைகிறது.

எம்பிபிஎஸ் படிக்கச் சீனாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டுத் தரச் சான்றான மூன்று 'சி' முத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்க்கை ஏற்றமாட்டார்கள். அங்கே இறங்கி இன்னொரு உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால், இங்கே வாங்கியதை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது அளவு. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். கடையில் நமக்குச் சொல்வது எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்) கணக்கு: பத்தாயிரம், இருபதாயிரம். விமான நிறுவனம் பார்ப்பது வாட் அவர் கணக்கு, அதாவது உள்ளே மொத்தம் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்ற அளவு. எரிந்தால் எவ்வளவு சூடு வரும் என்பதை அதை வைத்துத்தான் ஊகிக்க முடியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. எம்ஏஎச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 3.7 என்பது பெரும்பாலான லித்தியம் அயான் செல்களின் வோல்ட் அளவு. 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. வீட்டில் ஓடுகிற 35 வாட் மின்சிக்கன விசிறியை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சுழற்றக்கூடிய ஆற்றல் அது. 27,000 என்றால் 99.9. 30,000 என்றால் 111.

சர்வதேச விதி இதுதான். 100 வாட் அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கிடையாது. 160-ஐத் தாண்டினால் பயணியோடு போகவே முடியாது. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிகள் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குப் போகும்போது கவனித்திருப்பார்கள்: பெரிய வீடியோ கேமராக்களின் பேட்டரிகள் 95, 98 வாட் அவர் என்று நூறை ஒட்டியே வரும். இந்த விதிக்காகவே அப்படிச் செய்கிறார்கள். கேமராவிலிருந்து கழற்றிய உதிரி பேட்டரிக்கும் பவர் பேங்க்குக்கும் சட்டம் ஒன்றுதான். கையில்தான் போக வேண்டும், உலோக முனைகள் சாவி, சில்லறைக் காசு எதிலும் படாமல் டேப் ஒட்டியோ தனித்தனி உறையில் போட்டோ இருக்க வேண்டும்.

அட்டையைப் படிக்கும்போது ஒரு நுட்பம். சில பவர் பேங்க்குகளில் இரண்டு கொள்ளளவு போட்டிருக்கும். 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்று ஒரு வரி. 5 வோல்ட்டில் 12,000 எம்ஏஎச் என்று இன்னொரு வரி. முதலாவது உள்ளே இருக்கும் செல்லின் அளவு. இரண்டாவது வெளியே போனுக்குக் கிடைக்கும் அளவு. விமானத்துக்கு முதலாவதுதான் கணக்கு. 20,000-ஐ 5-ஆல் பெருக்கி 100 என்று யாராவது வாதாடினால் அது தப்பு. பெரும்பாலும் 'டபிள்யூ எச்' என்ற எழுத்துகளோடு வாட் அவர் எண்ணே நேரடியாக அச்சிட்டிருக்கும். அந்த எழுத்து தேய்ந்து அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழியில்லை.

இதோடு சேர்த்து, சந்தைக் கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் "50,000 எம்ஏஎச்" சமாச்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதிகாரி படிப்பது அட்டையை. 50,000-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 185 வாட் அவர். எந்த விமானத்திலும் ஏறாது. பொய்க் கொள்ளளவு போட்ட பொருளுக்குக் காசும் கொடுத்து, விமான நிலையத்தில் அதை விட்டுவிட்டும் வர வேண்டும். அதை விட முக்கியம், கொள்ளளவில் பொய் சொல்கிறவன் உள்ளே பாதுகாப்பு சர்க்யூட்டை ஒழுங்காக வைத்திருப்பான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் விற்கிற பவர் பேங்க்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் மேலேயே இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது என்று காட்டும். இரண்டு நிமிட வேலை, வாங்கும்போதே செய்துவிடலாம்.

நம் ஊரில் பவர் பேங்க்குக்குக் கிடைக்கும் வாழ்க்கையும் கொஞ்சம் கரடுமுரடானது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பவர் பேங்க்கின் அருமையை டெல்டா அப்போது உணர்ந்தது. அதற்குப் பிறகு மழைக்காலத்துக்கு என்று ஒன்று வாங்கி அலமாரியில் போட்டு வைத்திருக்கிற வீடுகள் நிறைய. அது வருஷக்கணக்கில் கிடக்கும், வெயிலில் டிராக்டர் இருக்கையிலும் காரின் முன் கண்ணாடி ஓரத்திலும் காயும், பம்புசெட் கொட்டகையில் நனையும். பிள்ளை வெளிநாடு கிளம்பும்போது, "இதையே எடுத்துட்டுப் போப்பா, புதுசு எதுக்கு" என்று கையில் கொடுத்துவிடுகிறோம். கொடுப்பதற்கு முன் அதை மேசையில் வைத்துப் பாருங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினால், ஓரங்களில் மூடி பிளந்திருந்தால், உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் ஏற்றும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. விமானத்துக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் ஆகாது. குப்பையோடு போட்டு எரித்துவிடாமல் மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் என்ன நடக்கும்? பெரிய பெட்டி எக்ஸ்-ரேயில் போகும்போது பேட்டரியின் உருவம் பளிச்சென்று தெரியும். பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். கயிறு கட்டி, டேப் சுற்றி, பேர் எழுதிய பெட்டியை அங்கேயே பிரிக்க வேண்டும். போர்டிங்குக்கு நேரம் நெருங்கும் வேளையில் முதல்முறை பயணிக்கு அது எவ்வளவு பதற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்டது காதில் விழாமல் உள்ளே போய்விட்டால் பெட்டி விமானம் ஏறாமலே நின்றுவிடலாம். ஆகவே பெட்டி கட்டுகிற அம்மாவோ அண்ணியோ யாராக இருந்தாலும், பேட்டரி உள்ள சாமான்களை ஆரம்பத்திலேயே தனியாக ஒரு சின்னப் பையில் போட்டுப் பிள்ளையின் தோள்பையில் வைத்துவிடுவது நல்லது. சார்ஜ் போடும் கையடக்க விசிறி, டார்ச் லைட், டிரிம்மர் போன்றவையும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். செல்போனும் லேப்டாப்பும்கூட கையில்தான் நல்லது.

ஒரு இடத்தில் மட்டும் அனுபவசாலிகளும் கோட்டை விடுகிறார்கள். திருச்சி–சென்னை வழியில் ஓடும் ஏடிஆர் போன்ற சிறு விமானங்களில் கைப்பைக்கு இடம் போதாது. ஏறும் வாசலிலேயே பையை வாங்கிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய விமானத்திலும் கூட்டம் அதிகமானால் இது நடக்கும். பையைக் கொடுக்கும் முன் பவர் பேங்க்கை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்க மறந்தாலும் நாம் மறக்கக்கூடாது. சிறு பையாகத் தனியே வைத்திருந்தால் ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும்.

பறந்துகொண்டிருக்கும்போது பவர் பேங்க்கோ போனோ வழக்கத்துக்கு மாறாகச் சுட்டால், புகைந்தால், அந்த நொடியே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். எல்லாரும் பார்ப்பார்களே, திட்டுவார்களே என்று கூச்சப்பட்டுப் போர்வைக்குள் மறைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான காரியம். அணைப்பதும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதும் அவர்கள் பாடு. புகையும் பொருளை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம். போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை முன்னும் பின்னும் அசைத்துத் தேடாதீர்கள். இருக்கையின் இரும்புப் பாகத்தில் நசுங்கிப் போன் தீப்பிடிக்கக்கூடும். அதற்கும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

திரும்பி வரும்போதும் இதே விதிகள்தான். சிங்கப்பூரிலோ துபாயிலோ மச்சானுக்கு ஒன்று, தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஒன்று என்று புதுப் பவர் பேங்க் வாங்கினால், சீல் பிரிக்காத டப்பாவாக இருந்தாலும் பெரிய பெட்டியில் போகாது. எத்தனை எடுத்து வரலாம் என்பதை டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்தின் தளத்தில் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எமிரேட்ஸ் போல ஒன்றுதான் என்கிற இடத்தில் இரண்டாவதைச் சோதனையிலேயே விட்டுவிட்டு வர நேரும்.